கம்ப்யூட்டர் கண் விழிக்காதபோது

பொங்கல் விழாவுக்கு நான்கு நாட்கள் இருந்தன. விழா மலரின் கடைசிப் பக்கங்களைப் பிழை திருத்துவதற்காக மாலையில் சங்க அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே கம்ப்யூட்டர் திரை கறுப்பாகக் கிடந்தது. இடது மூலையில் மட்டும் இரண்டு வரி ஆங்கிலம். துவக்கக்கூடிய சாதனம் எதுவும் அகப்படவில்லை என்று அதற்குப் பொருள்.

"மத்தியானம் கரண்ட் போச்சு சார். மூணு மணிக்குத்தான் வந்தது. ஸ்விட்சைப் போட்டேன், இப்படி நிக்குது. நான் வேற ஒண்ணுமே பண்ணலை" என்றார், ஏதோ நான் அவரைக் குற்றம் சாட்டிவிட்டதைப் போல.

உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, பதினேழு வருஷத்து மலர்ப் பக்கங்கள், அச்சுக்குப் போக வேண்டிய அந்த வருஷத்து மலர் எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று செயற்குழுவில் இரண்டு முறை பேசியிருக்கிறோம். பேசியதோடு சரி.

மெக்கானிக் பையன் ஒருவன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். "ஃபார்மேட் கர்னா படேகா, அங்கிள்" என்று சொல்லியிருக்கிறான். தில்லியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் தமிழர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஹிந்தியில் எண்ணக்கூடத் தெரியாதவர்களுக்கும் இதன் பொருள் தெரியும். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவேன் என்பதுதான் அது. மறுநாள் காலை பெட்டியை எடுத்துப் போக வருவதாக ஏற்பாடு.

"காலையிலே அவனை வர வேண்டாம்னு சொல்லுங்கள். நான் வீட்டுக்குப் போய் ஒரு சாமான் எடுத்து வருகிறேன்" என்று கிளம்பினேன். அந்தச் சாமான் எங்கள் வீட்டு பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும், சிவப்பு நூல் கட்டிய ஒரு பென்டிரைவ்.

அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் எங்கள் பிளாக்கிலேயே வசிக்கும் மாயவரத்துப் பெண் ஒருத்தி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு காலை அது துவங்கவில்லையாம். கணவர் அதை ஒரு கடையில் கொடுத்தார். சாயங்காலம் திரும்பி வந்தது, புதுசு மாதிரி ஓடியது. ஆனால் திருக்கடையூரில் நடந்த அவள் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில் இல்லை. அடுத்த வருஷமே அப்பா தவறிவிட்டார். "அண்ணா, ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டாள். என்னால் ஒன்றும் முடியவில்லை. பழைய சுழலும் வட்டாக இருந்திருந்தால், துடைத்தபின்பும் கொஞ்சம் தோண்டி எடுக்க வழியுண்டு. இப்போது வரும் எஸ்எஸ்டி வகையில், அழித்த இடத்தை விண்டோஸே காலி செய்யச் சொல்லிவிடுகிறது. அதன்மேல் புது விண்டோஸும் ஏறிவிட்டது.

எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான். அன்று காலை கெட்டுப்போயிருந்தது விண்டோஸ். படங்கள் கெடவில்லை. கடைக்குப் போகும் வரை அவை இருந்த இடத்தில் பத்திரமாகவே இருந்திருக்கும். கதவின் பூட்டு கெட்டதற்கு வீட்டையே இடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லுக்குள் எழுதிவைத்த நிரல்தான் முதலில் எழுகிறது. பழைய கம்ப்யூட்டர்களில் அதற்குப் பயாஸ் என்று பெயர். பத்துப் பதினைந்து வருஷங்களாக யுஇஎஃப்ஐ என்ற புது வகை அந்த இடத்துக்கு வந்துவிட்டது, ஆனாலும் பேச்சுவழக்கில் பயாஸ் என்ற பெயர் போகவில்லை. அது நினைவகம், கீபோர்டு எல்லாம் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்து யாரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று ஒரு வரிசைப்படி தேடும். வழக்கமாக உள்ளே இருக்கும் டிஸ்க்தான் வரிசையில் முதல். அங்கே விண்டோஸ் இருந்தால் அதை எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த வரிசையை நாம் மாற்றலாம். "உள்ளே போகாதே, யுஎஸ்பி துளையில் செருகியிருப்பதைப் பார்" என்று சொன்னால், அங்கிருக்கும் வேறொரு இயக்க முறைமை நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கும். உள்ளே இருக்கும் டிஸ்க் அப்போது வெறும் அலமாரிதான். நாமாகத் திறந்து எழுதினால் ஒழிய அதில் ஒரு எழுத்தும் மாறாது. வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கும்போது மாற்றுச் சாவி வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது புது யுக்தி அல்ல. 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் டாஸ் போட்டு எழுப்பியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். 2000-ல் ஜெர்மனியிலிருந்து நாப்பிக்ஸ் என்று ஒரு சிடி வந்தது. ஒரு முழு லினக்ஸே அந்த சிடியிலிருந்து ஓடியது, பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதே வருஷம் விற்பனைக்கு வந்த முதல் பென்டிரைவ்களின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று தெருமுனைக் கடையில் 64 ஜிகாபைட் கிடைக்கிறது.

எப்படித் தயாரிப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. இதை நல்ல நிலையில் ஓடும் கம்ப்யூட்டரில், இன்றே தயாரிக்க வேண்டும். கெட்ட பிறகு தயாரிக்க இன்னொரு கம்ப்யூட்டர் தேட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டார் ஊருக்குப் போயிருப்பார்கள்.

32 அல்லது 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். நேரு பிளேஸ் நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். மேலே 64 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டுமே வைத்த போலிகள் உண்டு. 8 வரை சமர்த்தாக வாங்கிக்கொண்டு அதற்கு மேல் எழுதுவதையெல்லாம் அது காற்றில் விட்டுவிடும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். நால்வர் குடும்பம் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவைவிட நல்ல பென்டிரைவின் விலை குறைவுதான்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. லினக்ஸோ விண்டோஸோ, இணையத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக இறங்கும். அதைச் சாதாரணமாக நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டால் வேலை செய்யாது. பயாஸ் தேடும் துவக்கப் பகுதி அங்கே இருக்காது. அதை உரிய முறையில் எழுதித் தர ரூஃபஸ், எட்சர் போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. அவை ஒரு பென்டிரைவுக்கு ஒரு ஐஎஸ்ஓ என்ற கணக்கில் எழுதும், எழுதும்போது அதில் முன்பு இருந்ததை அழித்துவிடும்.

நான் பயன்படுத்துவது 2020-ல் வெளிவந்த வென்டாய். இதை ஒரு முறை பென்டிரைவில் நிறுவிவிட்டால் போதும். பிறகு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சாதாரணக் கோப்பு போல நகலெடுத்துப் போடலாம். துவக்கும்போது ஓட்டல் மெனு மாதிரி பட்டியல் காட்டும். வேண்டாததை அழிக்கலாம், புதியதைச் சேர்க்கலாம், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுத வேண்டாம். எந்த நிரலானாலும் அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடியதும் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டி, மருந்து வாங்கப் போய் விஷம் வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் பென்டிரைவில் ஐந்து இருக்கின்றன. முதலாவது லினக்ஸ் மின்ட், ஏறத்தாழ 3 ஜிபி. பார்ப்பதற்கு விண்டோஸ் போலவே இருப்பதால் வீட்டில் யார் வேண்டுமானாலும் கையாளலாம். கோப்புகளை வெளியே எடுக்க இது ஒன்றே போதும். பிரௌசரும் இருப்பதால் அவசரத்துக்கு ரயில் டிக்கெட் கூடப் பதிவு செய்யலாம். இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் விண்டோஸ் ஐஎஸ்ஓ. இதில் புதிதாக நிறுவும் வசதியோடு, கெட்ட விண்டோஸைப் பழுது பார்க்கும் வசதியும் இருக்கிறது. அடுத்தது சிஸ்டம்ரெஸ்க்யூ. இது விவரம் தெரிந்தவர்களுக்கானது. மற்ற இரண்டும் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ், முழு டிஸ்க்கையும் படியெடுக்கும் குளோன்ஜில்லா. எல்லாம் சேர்ந்தும் 32 ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு வழி வேறு, அதற்குள் நான் போகவில்லை.

பயன்படுத்தும் விதம் சுலபம். பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு குறிப்பிட்ட விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏஸரில் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்தப் பட்டியலை முதலில் அனுமதிக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எது என்பதை ஒரு முறை செய்து பார்த்து, பென்டிரைவில் கட்டிய சீட்டிலேயே எழுதிவிடுங்கள். முதல் முறை வென்டாய் போடும்போது நீலத் திரை ஒன்று வந்து, இந்தச் சாவியைப் பதிவு செய்யலாமா என்று சில கம்ப்யூட்டர்களில் கேட்கும். பயந்து பிடுங்கிவிடாதீர்கள். அது கேட்கும்படி பதிவு செய்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் மறுபடி கேட்காது.

முதலில் நகல், பிறகுதான் பழுது

பென்டிரைவ் கையில் இருக்கிறதென்று உடனே ரிப்பேரில் இறங்குவது தவறு. முதலில் லினக்ஸ் மின்ட். அதில் கோப்புகள் என்ற சின்னத்தைத் திறந்தால் உள் டிஸ்க் தெரியும். சி, டி என்று பெயர் இருக்காது, இத்தனை ஜிபி என்று அளவைக் காட்டும். விண்டோஸ் சரியாக மூடப்படாமல் இருந்தால் படிக்க மட்டும் திறக்கும். நமக்கு அது போதும். வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகி அதற்கு நகலெடுக்க வேண்டும்.

யூசர்ஸ் என்ற அடைவில்தான் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் இருக்கும். மொத்தமாக அதை எடுத்துவிடுங்கள். டேலியில் கணக்கு எழுதுபவர்கள் அதன் தரவு அடைவை மறக்கக் கூடாது. சில பேர் சி டிரைவிலேயே நேரடியாக ஏதாவது பெயரில் அடைவு போட்டு வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் நம்மில் பலரிடம் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்த காலம் அது. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று தரங்களை அறிவித்தது, 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அடித்த கதை, கட்டுரை, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கோப்பைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. விண்டோஸ் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்று ஓர் அடைவு இருக்கிறது, அதையும் சேர்த்து நகலெடுங்கள்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, நகலெடுக்கும்போது அடிக்கடி நின்றாலோ கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். அது சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க். திரும்பத் திரும்ப முயன்றால் சாவைத் துரிதப்படுத்துவோம். சிஸ்டம்ரெஸ்க்யூவில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருப்பது இதற்காகத்தான். சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று குறித்தும் வைக்கும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படியெடுக்க அதே அளவோ பெரியதோ இன்னொரு டிஸ்க் வேண்டும். சத்தம் பலமாக இருந்து, உள்ளே இருப்பது விலை மதிக்க முடியாததாக இருந்தால், நாமே இதில் இறங்காமல் தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். செலவு அதிகம்தான்.

அன்று சங்க அலுவலகத்தில் மின்ட் வந்தது, டிஸ்க் தெரிந்தது, சத்தம் கித்தம் இல்லை. இரவு பத்தரை மணிக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டோம். செயலாளர் இரண்டு முறை டீ வரவழைத்தார். மூன்றாவது டீயின்போதுதான் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. எத்தனையோ வருஷங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி!

விஷயம் விளங்கிவிட்டது. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்று பொத்தான் போன்ற ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அது தீர்ந்துபோய் எவ்வளவு காலம் ஆயிற்றோ! சுவரில் கரண்ட் இருந்தவரை தெரியவில்லை. இரண்டு மணி நேரம் மின்சாரம் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. சங்கக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பழைய முறையில் நிறுவப்பட்டிருந்தது. பயாஸ் புது முறையில் தேடியது, காணோம் என்றது. டிஸ்க்கிலோ விண்டோஸிலோ ஒரு கோளாறும் இல்லை. அமைப்பைப் பழைய முறைக்கு மாற்றியதும் கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து நின்றது. மறுநாள் வாங்கிப் போட்ட பேட்டரியின் விலை ஒரு மசால் தோசையின் விலைகூட இல்லை. ஃபார்மேட் செய்திருந்தால் பதினேழு வருஷமும் போயிருக்கும்.

மெக்கானிக் பையனையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து லேப்டாப் வருகிற இடத்தில், நாள் முழுவதும் ஒன்றிலேயே உட்கார்ந்து கோப்புகளை எடுத்துக்கொண்டிருக்க அவனுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? நம் பொருளின் அருமை நமக்குத்தான் தெரியும். ஆகையால் அதை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கடைக்கு அனுப்ப வேண்டியதும் நம் பொறுப்புதான்.

48 இலக்கச் சாவி

மாற்றுச் சாவி இருந்தும் கதவு திறக்காத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இப்போதைய லேப்டாப்புகளில் பிட்லாக்கர் என்ற முறையில் டிஸ்க் முழுவதும் ரகசியக் குறியீட்டில் பூட்டப்பட்டிருக்கலாம். திருடன் கையில் லேப்டாப் சிக்கினாலும் உள்ளே பார்க்க முடியாதபடி செய்வது இதன் நோக்கம். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குடன் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் இது தானாகவே இயங்கிவிடும். பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. லினக்ஸில் திறக்கப் போனால் சாவி கேட்கும். பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலும் அடுத்த முறை விண்டோஸே சாவி கேட்கும்.

அந்தச் சாவி 48 இலக்கங்கள், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வழக்கமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்துத் தாளில் எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் இடத்தில் வையுங்கள். பென்டிரைவிலேயே எழுதி ஒட்டிவிடாதீர்கள், பூட்டில் சாவியைத் தொங்கவிடுவது போலாகும்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால் உலகமெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் வரை எழ முடியாததால், தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாமல் பெரும்பாலானவற்றின் முன்னால் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே பென்டிரைவிலிருந்து துவக்கும் மீட்புக் கருவி ஒன்றை வெளியிட்டது. அதிலும் பூட்டிய டிஸ்க்குகளுக்கு இந்த 48 இலக்கச் சாவி தேவைப்பட்டது. பெரிய கம்பெனிகளே சாவியைத் தேடி அலைந்தன என்றால் நம் பாடு எப்படி இருக்கும்?

ஆயுத பூஜைக்கு ஒரு முறை

"விண்டோஸுக்குள்ளேயே மீட்பு வசதி இருக்கிறதே, தனியாகப் பென்டிரைவ் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பைப் போட்டவர்களுக்கு, அந்த உள் மீட்பு வசதியில் யுஎஸ்பி கீபோர்டும் மௌஸும் வேலை செய்யாமல் போய்விட்டன. திரையில் மெனு இருக்கும், எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு வாரத்துக்குள் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, முன்கூட்டியே தயாரித்து வைத்த மீட்புப் பென்டிரைவ் கைகொடுத்தது.

இருந்தாலும் ஒரு முறை தயாரித்துப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஊறுகாயைப் போலத்தான் இது, அவ்வப்போது எடுத்துக் கிளறாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். புதிய கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் இருக்கிறது. அங்கீகரித்த கையெழுத்து உள்ள நிரலை மட்டுமே துவக்கவிடும். பழைய நிரல்களில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அவற்றின் அங்கீகாரம் ரத்தாகும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, அதுவரை ஓடிய பழைய லினக்ஸ் பென்டிரைவ்கள் பல கம்ப்யூட்டர்களில் மறுக்கப்பட்டன. அது மட்டுமல்ல, 2011-ல் வழங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூன் தொடங்கி ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்படி அமைந்தவை. 2019-ல் தயாரித்த பென்டிரைவ் உங்களிடம் இருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள்.

பென்டிரைவும் தேயும் பொருள்தான். அதற்குள் தகவல் நிற்பது நுண்ணிய மின்னூட்டமாக. வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தால், மலிவானவற்றில் அது மெல்லக் கசியும். எழுதியதை மறுபடி எழுதினால் புத்துயிர் வரும்.

எங்கள் வீட்டில் இதற்கு நாள் குறித்திருக்கிறோம். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் அல்லவா, அதற்கு முந்தின நாள் பென்டிரைவை எடுத்து வென்டாயைப் புதுப்பிப்பேன். அது ஏற்கெனவே போட்ட கோப்புகளைத் தொடாது. மின்ட், விண்டோஸ், சிஸ்டம்ரெஸ்க்யூ ஐஎஸ்ஓக்களின் புதிய பதிப்புகளை இறக்கிப் பழையதை அழிப்பேன். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் செருகி, மெனு வருகிறதா, மின்ட் முழுக்க எழுகிறதா என்று பார்ப்பேன். சோதிக்காத பென்டிரைவ் இருந்தும் இல்லாத மாதிரிதான். சீட்டில் தேதி போட்டுக் கட்டிவிட்டால் ஒரு மணி நேர வேலை, இறக்குமதிக்கு ஆகும் நேரம் தனி. பொங்கலுக்கு இன்னொரு முறை செய்வது உத்தமம். விண்டோஸே தயாரித்துத் தரும் மீட்பு டிரைவையும் வருஷம் ஒரு முறை புதிதாகத் தயாரிக்கும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

இரவல் கொடுப்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் செருகிய பென்டிரைவ் எதைத் தொற்றிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், திரும்பி வந்ததும் முதலிலிருந்து எழுதிவிடுங்கள்.

ஒன்று கூடுதலாகத் தயாரித்து ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டிலும் வைக்கலாம். நாம் இங்கே இருக்கிறோம், அவர்கள் அங்கே தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இருக்கிறார்கள். கெட்டுப்போனால் பக்கத்துத் தெருப் பையன் வருவான், அவனும் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லுவான்.

மாயவரத்துப் பெண்ணுக்கு நான் இரண்டு தயாரித்துக் கொடுத்தேன். ஒன்றை மே மாத விடுமுறையில் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனைக் காதில் வைத்தபடியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் அங்கே எழுந்திருக்க மறுக்கிறதாம். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எஃப் பன்னிரண்டை அமுக்கிட்டேன்டி. ஏதோ லிஸ்ட் மாதிரி வந்திருக்கு. எதைத் தொடணும்?" என்றது மறுமுனை.

சீட்டில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லி, முக்கால் மணி நேரத்தில் மின்ட் வரை கொண்டுவந்தோம். பேரன் ஒருவன் பக்கத்தில் இருந்தான், மௌஸ் அவன் பொறுப்பு. நகலெடுப்பதற்கு முன் பிக்சர்ஸ் அடைவைத் திறந்து என்னென்ன இருக்கிறது என்று கேட்டோம். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கோயில் கும்பாபிஷேகம், தென்னங்கன்று, மின்சார பில். அப்புறம், "தாத்தாவும் பாட்டியும் மாலை போட்டுக்கிட்டு இருக்காங்க அத்தை, பின்னாடி கோயில்" என்றான்.

விழா முடிந்த வாரம் அவளே அப்பாவுக்கு மெயிலில் அனுப்பிய படங்கள் அவை. அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. மொத்தம் பதினொன்று இருந்தன.